உதறும் முன்சக்கரம்: ஒரு சிறு வரலாறு

எங்கள் குடும்பத்தில் ஒரு சொலவடை உண்டு. துணிந்து இறங்கவேண்டிய காரியத்தில் யாராவது கடைசி நிமிடத்தில் தடுமாறினால், "சித்தப்பா ஹேண்டில் பிடிச்ச கதைதான்" என்பார்கள். கதை இதுதான். 1977ஆம் ஆண்டு, சித்தப்பா தம் மோட்டார் சைக்கிளுக்கு முன்டயர் புதிதாக மாற்றிய நான்காம் நாள், திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நேர்ச்சாலை, காலைப் பொழுது, எதிரே வண்டி எதுவுமில்லை. கைப்பிடி இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. இறுக்கிப் பிடித்தார். நிற்கவில்லை. சாலையோரப் புளியமரத்தடியில் கிடந்தவரை ஒரு பேருந்துக்காரர்கள்தான் தூக்கியிருக்கிறார்கள். அவருடைய இடது முழங்கை இன்றுவரை முழுதாக நீளாது.

வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், "வண்டியில ஒண்ணுமில்ல, ஓட்டினவருக்குக் கை நடுங்கியிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். வீடு அதை ஏற்றுக்கொண்டது. நாளடைவில் சித்தப்பாவும் ஏற்றுக்கொண்டார். வண்டி விற்கப்பட்டது. பணி ஓய்வு பெறும்வரை அவர் பேருந்தில்தான் அலுவலகம் போய்வந்தார்.

சென்ற ஆண்டு என் வண்டிக்கு முன்டயர் மாற்றினேன். மறுநாளே, வேகம் 55 கிலோமீட்டரைத் தாண்டியதும் கைப்பிடியில் ஒரு துடிப்பு. 65ஐத் தாண்டினால் அடங்கிவிடும். ஆக்சிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்தால், இறங்கும் வழியில் அதே இடத்தில் மீண்டும் வரும். டயர் கடைக்காரரிடம் போனேன். "புது டயர்னா அப்படித்தான் சார், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினா செட்டாயிடும்" என்றார். செட்டாகவில்லை. மாறாக, எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. ஓடும் சக்கரம் ஏன் உதறுகிறது என்ற கேள்வியோடு கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். அந்தக் கேள்விக்கே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த வரலாற்றின் பெரும்பகுதியில், பழி ஓட்டியவர் கையின் மேல்தான் இருந்திருக்கிறது.

ஒரு சொல்லைப் பற்றி முதலில். நம் மெக்கானிக்குகள் இந்த நோயை "உதறுது" என்கிறார்கள். சிலர் "தலையாட்டுது" என்பார்கள். உதறல் என்ற சொல்லுக்குத் தமிழில் அச்சம் என்ற பொருளும் உண்டல்லவா? உதறல் எடுத்துவிட்டது என்றால் பயந்துவிட்டான் என்றுதான் கொள்வோம். சித்தப்பாவின் வழக்கில் மொழியும் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லியிருக்கிறது. இருந்தாலும் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. முன்சக்கரமும் ஃபோர்க்கும் கைப்பிடியும் மட்டும் விரைவாக இடவலமாகத் துடிப்பதை உதறல் என்றும், வண்டி முழுவதுமே பாம்புபோல மெதுவாக அசைந்து செல்வதை நெளிவு என்றும் இக்கட்டுரையில் குறிக்கிறேன். இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பது உறுதிப்படவே நெடுங்காலம் பிடித்தது.

தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரே கிடையாது. 1885இல் ஜெர்மனியில் டைம்லரும் மைபாக்கும் செய்த வண்டிக்கு இரும்புப் பட்டை கட்டிய மரச்சக்கரங்கள்தாம். காற்று டயர் என்னும் எண்ணம் அதற்கும் மூத்தது. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். குதிரை வண்டிகளில் பூட்டியும் காட்டினார். உலகம் அதை மறந்துவிட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடியும் கண்டுபிடித்தார். (தாம்சனின் பழைய காப்புரிமை வெளியே வந்ததும் டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. பெயர் மட்டும் அவருடையதாகவே நின்றுவிட்டது.) 1894இல் மியூனிக் நகரின் ஹில்டபிராண்ட் – வொல்ஃப்முல்லர் மோட்டார் சைக்கிள், விற்பனைக்கெனத் தொகையாகச் செய்யப்பட்ட முதல் வண்டி, காற்று டயர்களோடுதான் வந்தது.

அதாவது 1890களின் முடிவில் ஐரோப்பியத் தெருக்களில் உருண்ட சைக்கிள்களும் புதிய மோட்டார் வண்டிகளும் பெரும்பாலும் காற்றின் மேல்தான் உருண்டன. அதே காலத்தில்தான் இருசக்கர வண்டி ஏன் விழாமல் ஓடுகிறது என்ற கணக்கும் போடப்பட்டது. பிரான்சில் இம்மானுவேல் கார்வல்லோவும், கேம்பிரிட்ஜில் அப்போது மாணவராக இருந்த ஃபிரான்சிஸ் விப்பிளும் தனித்தனியே அதைச் செய்தார்கள். விப்பிளின் கட்டுரை 1899இல் வெளிவந்தது. பின்னாளில் வானிலை ஆய்வாளராக அறியப்பட்ட அவருடைய சமன்பாடுகள் எவ்வளவு உறுதியானவை என்றால், 2007இல் நால்வர் குழு ஒன்று பழைய ஆய்வுகளையெல்லாம் வரிவரியாகச் சரிபார்த்தபோது, சில சிறு பிழைகள் நீங்கலாக அவை நின்றன.

ஆனால் விப்பிளின் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. மெதுவாகச் சாய்ந்து விழுவது அதில் வருகிறது. நெளிவு வருகிறது. உதறல் வருவதில்லை. எவ்வளவு வேகத்தைக் கொடுத்தாலும் அந்த வண்டி கைப்பிடியை உதறாது. காரணம், அவருடைய சக்கரம் கத்தி விளிம்பு. தரையை ஒரு புள்ளியில் தொடும், வழுக்காது, நசுங்காது. கணக்குக்கு அது வசதி. தெருவில் டன்லப்பின் டயர் நசுங்கி உருண்டுகொண்டிருந்தது. தாளில் கத்தி உருண்டது. உதறல் குடியிருந்த வீட்டையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டிருந்தார்கள். இதை விப்பிளின் குறையாக நான் சொல்லவில்லை. நசுங்கும் ரப்பரைக் கணிக்கும் வழி அன்று யாரிடமும் இல்லை. ஆயினும் அதன் பின்விளைவு நீண்டது. வண்டி உதறவே உதறாது என்று கணக்குச் சொன்னால், உதறலுக்குக் காரணமாக மிஞ்சுபவர் ஓட்டுபவர் ஒருவர்தானே?

உதறலை ஒரு கௌரவமான நோயாக ஏற்கவைத்தது மோட்டார் சைக்கிள் அல்ல, கார். 1920களின் முற்பாதியில் கார்களுக்குப் பருத்த, காற்றழுத்தம் குறைந்த பலூன் டயர்கள் வந்தன. மேடுபள்ளங்களில் உடம்புக்குச் சுகம். அதே காலத்தில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு புதுத் தொல்லையைக் கொண்டுவந்தன. முன்சக்கரங்கள் ஸ்டியரிங்கோடு சேர்ந்து துடித்தன. அந்நாளில் தோளைக் குலுக்கி ஆடும் ஷிம்மி என்றொரு நடனம் பிரபலமாக இருந்தது. அதன் பெயரையே இந்த நோய்க்கும் வைத்துவிட்டார்கள். தமிழில் அச்சத்தின் பெயர், ஆங்கிலத்தில் ஆட்டத்தின் பெயர்.

புது டயர் போட்டதும் உதறுகிறது என்னும் புகாருக்கு இவ்வளவு வயதிருக்கிறது. இம்முறை முறையிட்டவர்கள் கார் முதலாளிகள், அவர்களிடம் விற்ற நிறுவனங்கள். ஆகவே ஓட்டுநரின் கை நடுங்குகிறது என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. 1925இல் ஃபிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூல்லியே ஒரு கட்டுரை எழுதினார். டயர் தான் நோக்கியிருக்கும் திசையிலேயே செல்வதில்லை; பக்கவாட்டு விசை வந்தால் சற்று விலகி, கோணலாகவே உருள்கிறது என்று அதில் விளக்கினார். கத்தி விளிம்பு அன்றோடு ரப்பரானது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி முதலியோர் உழைத்து, 1934 மாடல் கார்களில் இரு முன்சக்கரங்களையும் பிணைத்திருந்த ஒற்றை அச்சை நீக்கித் தனித்தனித் தொங்கல் அமைத்தார்கள். பயணச் சுகத்தோடு உதறலைத் தணிப்பதும் அதன் நோக்கம்.

அடுத்த அத்தியாயம் விமானங்களுடையது. மூக்கின் கீழே சக்கரம் வைத்த விமானங்கள் பெருகியபோது, தரையில் ஓடுகையில் அந்தச் சக்கரம் உதறித் தண்டையே ஒடித்துக்கொள்ளக்கூடிய ஆபத்து எழுந்தது. 1941இல், போரின் நடுவே, ஜெர்மனியில் ஃபோன் ஷ்லிப்பே, டீட்ரிக் என்னும் இருவர் இதற்கொரு விளக்கம் தந்தார்கள். டயரின் நடுக்கோட்டை இழுத்துக் கட்டிய ஒரு கயிறாக எண்ணிக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் திருப்பினால் தரையைத் தொட்டிருக்கும் பகுதி உடனே திரும்பாது. முன்பு படிந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் ஓரிரு அடித் தொலைவாவது உருண்ட பிறகுதான் பக்கவாட்டு விசை முழுமையாகப் பிறக்கும்.

இந்தத் தாமதந்தான் நோயின் வேர். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். திரும்பி வரும்போது எதிரே தள்ளினால் ஊஞ்சல் அடங்கும். ஒரு கணம் பிந்தி, அது போகத் தொடங்கிய பிறகு தள்ளினால் ஆட்டம் கூடும். சக்கரத்தை நேராக்க வரும் டயர் விசை கொஞ்சம் பிந்தி வந்தால், நேராக்குவதற்குப் பதிலாக அடுத்த பக்கம் தள்ளிவிடுகிறது. அதற்கு வேண்டிய ஆற்றல் வண்டியின் ஓட்டத்திலிருந்தே கிடைக்கிறது. வெளியிலிருந்து யாரும் ஆட்டவேண்டியதில்லை. கை நடுங்கவேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்கர்கள் இந்தக் கட்டுரையை 1954இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். 1966இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பசேக்கா இந்த உதறலையே தம் முனைவர் பட்ட ஆய்வாக்கினார். இன்று டயர் பற்றிய எந்தக் கணக்கும் அவர் பெயரைத் தொடாமல் தொடங்குவதில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒரு திருகைத் திருகிக்கொண்டிருந்தார்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கைப்பிடியின் நடுவே, ஸ்டியரிங் தலைக்கு மேலே, ஒரு கறுப்புக் குமிழ் இருந்ததைப் பலர் பார்த்திருக்கலாம். அதை இறுக்கினால் உராய்வுத் தகடுகள் நெருங்கி, கைப்பிடி எளிதில் திரும்பாது. உதறினால் இறுக்கு, நகரத்துக்குள் வந்தால் தளர்த்து. மருந்து இருந்தது, ஆனால் நோய்க்குக் காரணம் தெரியாது.

தொழிற்சாலைக்குள்ளிருந்து இதைப் பற்றி எழுதியவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டின் பொறியாளராக இருந்த வில்சன்-ஜோன்ஸ், 1951இல் ஒற்றைத்தட வண்டிகளின் திருப்பமும் நிலைப்பும் பற்றி இயந்திரப் பொறியாளர் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். நம்மூர் வாசகர்களுக்கு இந்தப் பெயரில் ஒரு தொடர்பு உண்டு. அதே ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் தொடங்கியதுதான் என்ஃபீல்ட் இந்தியா. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது அப்படித்தான். (சித்தப்பாவினுடையது வேறு வண்டி. அதன் பெயர் இங்கே தேவையில்லை.) ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் டோரிங் என்பவர் 1950களின் நடுவில் விப்பிளின் கணக்கை மோட்டார் சைக்கிளுக்கு விரித்து, அளந்தும் பார்த்தார். ஆனால் டயரின் தாமதம் இன்னும் மோட்டார் சைக்கிள் கணக்குக்குள் வரவில்லை.

அது வந்தது 1971இல். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபின் ஷார்ப், கத்தி விளிம்பை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் விலகும், தாமதித்து விசை தரும் டயரை வைத்து மோட்டார் சைக்கிளின் கணக்கை மறுபடி போட்டார். மூன்று அசைவுகள் தனித்தனியே எழுந்து நின்றன: மெல்லச் சாய்வது, நெளிவது, உதறுவது. உதறல் தோராயமாக நொடிக்கு 6 முதல் 10 முறை துடிப்பது. நெளிவு வேகமான ஓட்டத்தில் நொடிக்கு 2 முதல் 4 முறை அசைவது. சாலையில் ஓட்டுநர்கள் கண்டு, அஞ்சி, யாரும் நம்பாமல் விட்ட ஒன்று, முதன்முறையாக வெறும் வண்டியின் சமன்பாடுகளிலிருந்தே வெளிவந்தது. அந்தக் கணக்கில் ஓட்டுபவர் கைகளைக் கைப்பிடியில் வைத்திருக்கவில்லை. பின்சட்டகத்தோடு பிணைத்த ஓர் எடை மட்டுமே அவர். நடுங்குவதற்கு அங்கே கையே கிடையாது.

என் வாசிப்பில் நான் நின்றுவிட்ட இடம் இது. 1971 என்பது சித்தப்பா விழுவதற்கு ஆறாண்டு முன்பு. லீட்ஸில் அச்சான தாள் திண்டிவனத்துப் பட்டறைக்கு வந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. இங்கிலாந்துப் பட்டறைகளுக்கே போயிருக்குமா என்பது ஐயம். தெரியாது என்று அந்த மெக்கானிக் சொல்லியிருக்கலாம். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நிற்க. அந்தக் கட்டுரை கறுப்புக் குமிழின் மர்மத்தையும் அவிழ்த்தது. ஸ்டியரிங்கில் தணிப்பானை இறுக்கினால் உதறல் குறையும், ஆனால் அதிவேகத்தில் நெளிவு மோசமாகும். இரு நோய்க்கும் ஒரே மருந்து என்று நம்பி இறுக்கியவர்கள் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கியிருக்கிறார்கள்.

ஷார்ப்பின் கணக்கிலும் ஒரு பிசிறு இருந்தது. வேகம் ஏற ஏற உதறல் அதிகமாகும் என்று அது சொன்னது. சாலை அனுபவமோ வேறு: பெரும்பாலான வண்டிகள் நடுத்தர வேகத்தில்தான் உதறின, அதைத் தாண்டினால் அடங்கின. அனுபவமும் கணக்கும் முரண்படும்போது கணக்கின் பக்கம் நிற்பவர்களும் உண்டு. நல்லவேளையாக இங்கே அப்படி நடக்கவில்லை. 1980இல் ஷார்ப்பும் ஆல்ஸ்டெட்டும், 1981இல் நெதர்லாந்தின் ஸ்பீரிங்ஸும், ஃபோர்க்கும் சட்டகமும் விறைத்த கட்டைகள் அல்ல, பக்கவாட்டில் சற்று வளைந்து முறுகும் என்பதைக் கணக்கில் சேர்த்தார்கள். உதறல் உச்சம் நடுத்தர வேகத்துக்கு இறங்கி வந்தது. சாலை சொன்னதும் தாள் சொன்னதும் ஒன்றாயின.

இப்போது என் வண்டியின் 60 கிலோமீட்டருக்கு வருகிறேன். இங்கே ஒரு சிறு பெருக்கல் போதும். 18 அங்குல ரிம்மில் பூட்டிய டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர், ஆக, சக்கரம் நொடிக்கு 8 சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுழல்கிறது. உதறலின் இயல்பான துடிப்பு நொடிக்கு 6 முதல் 10 என்று பார்த்தோம். இரண்டும் சந்திக்கும் இடந்தான் 60. சக்கரத்தில் ஏதேனும் ஒரு கோணல் இருந்தால், அது சுற்றுக்கு ஒரு முறை கைப்பிடியைத் தட்டுகிறது. 40இல் தட்டினால் ஊஞ்சலின் தாளத்துக்குப் பிந்தி. 80இல் தட்டினால் முந்தி. 60இல் தட்டினால் தாளம் பிசகாமல் தள்ளுகிறது.

தட்டும் விசையும் சிறிதல்ல. ரிம்மில் 25 கிராம் ஈயம் விடுபட்டுப்போனால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரைக் கிலோ எடைக்கு மேலான இழுப்பு நொடிக்கு 8 முறை திசை மாறி இழுக்கிறது. 100இல் அது நான்கரைக் கிலோவைத் தொடும். எடை சரியாக நடுக்கோட்டில் குறைந்தால் சக்கரம் மேலும் கீழுமாகக் குதிக்கும். ஓர் ஓரமாகக் குறைந்தாலோ, டயர் ரிம்மில் கோணலாக அமர்ந்து பக்கவாட்டில் அலைந்தாலோ, அது கைப்பிடியைத் திருப்பப் பார்க்கும். குதிப்பா, அலைவா என்று முதலில் பிரித்தறிவதுதான் பாதி வைத்தியம்.

டயர் மாற்றும்போது முன்பக்கத்தில் எத்தனை காரியங்கள் கலைக்கப்படுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சக்கரம் கழற்றப்படுகிறது, ஆக்சில் உருவப்படுகிறது, பழைய டயருக்கு ஏற்ப ஒட்டியிருந்த ஈயம் பொருளற்றதாகிறது அல்லது தூக்கி எறியப்படுகிறது. புது டயரின் விளிம்பு ரிம்முக்குள் சீராக அமரவேண்டும். பக்கச்சுவரில் ரிம்மையொட்டி ஒரு மெல்லிய வரை ஓடும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரியவேண்டும், ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கிச் சோப்புத்தண்ணீர் தடவி மீண்டும் ஏற்றவேண்டியதுதான். ஸ்போக்ஸ் வைத்த சக்கரமானால் கோட்டம் எடுக்கவும் வேண்டியிருக்கும். ஆக்சிலை முறுக்குவதற்கு முன்னால் ஃபோர்க்கை இரண்டு மூன்று முறை அமுக்கி விடவேண்டும். இல்லாவிட்டால் இரு கால்களும் ஒன்றையொன்று திருகிக்கொண்டே நிற்கும். இவையனைத்தும் சரியாக இருந்தாலும் புது டயரின் விறைப்பும் தாமதமும் பழையதைப் போல இருக்காது. தேய்ந்து நடுவில் தட்டையான பழைய டயரோடு எப்படியோ சமாதானமாக இருந்த ஒரு தளர்ச்சியை, புதிய டயர் அம்பலப்படுத்திவிடும்.

கடைசியாக நான் போன பட்டறைக்காரர் வயதானவர். தாளில் உள்ளது எதுவும் அவருக்குத் தெரியாது. "டயர் மாத்துறதுக்கு முன்னாடி இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இருந்திருக்கும். பழசு மறைச்சிருக்கும்" என்றார். 1971இன் கட்டுரையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார். பிறகு கைப்பிடியை ஒரு விரலால் மெல்ல இடவலமாகத் திருப்பி, என் விரலையும் வைக்கச் சொன்னார். நேர்நிலையில் ஒரு மெல்லிய பள்ளத்தில் விழுவதுபோலத் தட்டுப்பட்டது. கோன்செட்டின் குண்டுகள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அடிபட்டுக் கிண்ணத்தில் குழிபறித்திருந்தன. சக்கரத்தைச் சுழலவிட்டார், அது ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றது. எதிர்ப்புறம் ரிம்மில் ஈயம் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது, ஈயம் இல்லை. 25 கிராம் ஒட்டினார். முக்கால் பங்கு போயிற்று. மறுநாள் கோன்செட்டை மாற்றினார். மீதியும் போயிற்று. அவர் இரண்டையும் ஒரே நாளில் செய்யாமல், இடையில் என்னை ஓட்டிவரச் சொன்னதைக் குறிப்பிடவேண்டும். எது எவ்வளவு என்று தனித்தனியே தெரியவேண்டும் என்றார். ஆய்வுக்கூடங்களில் இதற்குப் பெரிய பெயர்கள் இருக்கின்றன.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. கயிறும் ஊஞ்சலும் விளங்கின. சமன்பாடுகளை நான் எடுக்கவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் எந்த வண்டியில் எது தளர்ந்திருந்தது என்று இன்று யாரும் நிரூபிக்க முடியாது, அன்று சாலையில் ஒரு கல்கூட இருந்திருக்கலாம் என்றும் சொன்னேன். கையில்லாமலே வண்டி உதறும் என்ற இடத்தில் மட்டும் என்னை நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சற்று நேரம் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "டயர் மாத்தினப்ப ஸ்போக்ஸ்ல சுத்தியிருந்த ஈயக்கம்பிய அவன் கழட்டிக் கீழ போட்டான்டா. நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார்.

"அப்புறம் அத மாட்டலையா சித்தப்பா?"

"இல்ல. கேட்டதுக்கு, சும்மா அழகுக்குச் சுத்தியிருக்கான்னான். நான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து தூண்டிலுக்குக் குண்டா கட்டினேன்."

உள்ளே சித்தியைக் கூப்பிட்டு, பரண்மேல் அந்தத் தூண்டில் பெட்டி இன்னும் கிடக்கிறதா என்று கேட்டார்.